ஸ்டோர் சந்தியில் வீட்டிலிருந்து வேலை

போன வாரம் என் பழைய காரியாலயத்திலிருந்து தர்ஷினி பேசினாள். நான் ஓய்வு பெற்றபோது என் மேசைக்கு வந்தவள். இனிமேல் பஸ் பயணிகளை எண்ணுவதற்கு யாரும் வெயிலில் போய் நிற்கத் தேவையில்லையாம். எந்தக் கைத்தொலைபேசி எங்கேயிருந்து எங்கே போகிறது என்று கணினியில் பார்த்தாலே போதுமாம். வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டே ஊவா மாகாணம் முழுவதையும் எண்ணிவிடலாமாம். “அக்கா, நீங்க அந்தக் காலத்துல எப்படி எண்ணுனீங்கன்னு எழுதித் தாங்களேன், ஆண்டு மலர்ல போடுறோம்” என்றாள்.

அந்தக் காலமாம்! என் குடைக்கம்பி இன்னும் துருப் பிடிக்கவில்லை, அதற்குள் நான் அந்தக் காலமாகிவிட்டேன். சரி, எழுதுகிறேன். ஆனால் அவள் மலரில் போடக்கூடியதாக இருக்குமா என்பதற்கு நான் பொறுப்பில்லை.

என் பெயர் செல்வராணி. தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், லயத்து வரிசை வீட்டில் பிறந்தவள். பதுளையில் பஸ் பாதைகளுக்குத் திட்டம் போடும் மாகாணக் காரியாலயத்தில் களக் கணக்கெடுப்பு உத்தியோகத்தர். பட்டம் நீளமாக இருக்கும், வேலை சுருக்கம்: தரிப்பிடத்தில் நின்று, பஸ்ஸில் எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று எண்ண வேண்டும். பயிற்சிக் காலத்தைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. நிற்கப் பழகினேன், அவ்வளவுதான். குடையும் பையுமாகத் தோட்டத்துச் சந்தியில் போய் நின்றால் என்னைக் குடும்பக் கட்டுப்பாட்டு மிஸ் என்று நினைத்துப் பாதிப் பெண்கள் ஒளிந்துகொள்வார்கள். மீதிப் பேர் இருமலுக்கு மருந்து கேட்பார்கள். கொஞ்ச நாள் போனதும் நானும் இஞ்சி போட்டுக் குடிக்கச் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். குறையொன்றும் வரவில்லை.

எண்ணுவதற்கு ஒரு முறை இருந்தது. சம்பள நாளில் எண்ணக்கூடாது, பௌர்ணமிப் போயா விடுமுறையில் எண்ணக்கூடாது, சந்தை நாளிலும் திருவிழாவிலும் எண்ணவே கூடாது. சாதாரண நாளாக இருக்க வேண்டும், அதுவும் அடுத்தடுத்து மூன்று நாள். கையில் ஒரு சின்ன எண்ணும் கருவி இருக்கும், ஒரு தலைக்கு ஒரு அழுத்து. இடுப்புக் குழந்தை கணக்கில் இல்லை, நடக்கிற குழந்தை உண்டு. சில தாய்மார் ஏறும்போது மட்டும் நடக்கிற பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்வார்கள். அதையெல்லாம் கண்கொத்திப் பாம்பு மாதிரிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

இந்த முறைகளையெல்லாம் எங்களுக்குள் ஏற்றியவர் எங்கள் பணிப்பாளர் குணரத்தினம் சேர். யாழ்ப்பாணத்துக்காரர். குரலை உயர்த்தவே மாட்டார், அதுதான் பயம். நான் கொண்டுபோகும் கணக்கைக் கண்ணாடிக்கு மேலாக ஒருதரம், கண்ணாடிக்குள்ளாக ஒருதரம் பார்ப்பார். கடைசியில் ஒரு பூச்சியம் இருந்தால் தீர்ந்தது.

“சைபரில முடியிற கணக்கு கண்ணால பாத்த கணக்கில்லை, செல்வராணி. திரும்பப் போய் நில்லும்” என்பார்.

சில நாட்களில் உண்மையாகவே பூச்சியத்தில் முடியும். என்ன செய்வது? இன்னொரு பஸ் வரும்வரை நின்று, ஒருவர் ஏறிய பிறகுதான் திரும்பி வருவேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பதுளையிலிருந்து வரும் டவுன் பஸ், எங்கள் பக்கத்துத் தோட்டமொன்றின் தேயிலைத் தொழிற்சாலையடியில் திரும்பும். தொழிற்சாலையைத் தோட்டத்தில் ஸ்டோர் என்போம், அதனால் அது ஸ்டோர் சந்தி. அங்கிருந்து மேலே, மேக்கணக்கு என்ற பிரிவுக்கு ஒரு ஏற்றம் இருக்கிறது. பஸ் போகக்கூடிய ரோட்டுதான், பஸ்தான் போவதில்லை. டவுன் சேவைகளை விரிவாக்கும் திட்டத்தில் இந்த பஸ்ஸை மேக்கணக்கு வரை கொண்டுபோவதும் ஒன்று. பதுளைக் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் வேலைக்குப் போகிற பிள்ளைகள் அந்த ஏற்றத்தில் அவ்வளவு பேர். நானே எண்ணிக் கொடுத்த கணக்கில்தான் திட்டம் எழும்பி நின்றது.

அதன் பிறகு கொரோனா வந்தது, அது போனதும் பெற்றோல் வரிசை வந்தது. அரசாங்கமே வீட்டிலிருந்து வேலை செய்யச் சொன்னது. வரிசை முடிந்த பிறகும் வீட்டிலிருந்து வேலை முடியவில்லை. குணரத்தினம் சேர் யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டே ஸூமில் காரியாலயத்தை நடத்தினார். திரையில் எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் அவருடைய நெற்றியும் ஒரு மின்விசிறியும்தான். அவர் எதையாவது கண்டிப்பாகச் சொல்லும்போதெல்லாம் பின்னால் ஒரு சேவல் கூவும், நாங்கள் சிரிப்பை அடக்கப் படுகிற பாடு அந்தக் கடவுளுக்குத்தான் தெரியும்.

இப்படியிருக்கக் கொழும்பிலிருந்து ஒரு ஆலோசகர் புது அறிக்கை அனுப்பினார். சனம் வீட்டிலிருந்து வேலை செய்யப் பழகிவிட்டது, நகரத்துக்கு வருகிறவர்கள் குறைவு, ஆகவே டவுன் பஸ் விரிவாக்கங்களை நிறுத்தி வைக்கலாம் என்று. ஸ்டோர் சந்தியும் அந்தப் பட்டியலில். கடைசியாக ஒருதரம் எண்ணிப் பாருங்கள், குறைந்திருந்தால் மேக்கணக்கு பஸ்ஸை மறந்துவிடலாம் என்று கட்டளை.

முதல் நாள் போய் நின்றேன். குறைந்துதான் இருந்தது. முந்தி ஃபுட்போர்டில் தொங்கிக்கொண்டு போன பஸ்ஸில் அன்று கண்டக்டர் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். ஊரில் உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் என் பஸ்ஸுக்கு இந்தக் கதியா?

தரிப்பிடத்துக் கொட்டகைக்குள்ளே மட்டும் நாலைந்து இளசுகள் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தன. பஸ் வரும், போகும், இதுகள் ஏறாது. ஒருத்தி மூலையில் குடையை விரித்து முன்னால் மறைப்பு வைத்துக்கொண்டு, காதில் வயரைச் செருகி, மெல்லிய குரலில் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். காதல்தான், வேறென்ன என்று முடிவு கட்டினேன். வேலைவெட்டி இல்லாமல் பஸ் கொட்டகையில் காதல் பண்ணுகிறதுகள், ஏறிப் பதுளைக்காவது போய்த் தொலைந்தால் எனக்கு ஒரு தலை கூடுமே என்று திட்டிக்கொண்டு முதுகைக் காட்டி நின்றேன்.

நான் எதற்காக எண்ணுகிறேன் என்று யாருக்கும் சொல்லக்கூடாது என்பது எங்கள் விதி. ஆனால் தோட்டத்தில் இரகசியம் என்று ஒன்று கிடையாது. அன்று மாலையே மேக்கணக்குக் கோயில் லவுட்ஸ்பீக்கரில் தோட்டத் தலைவர் கருப்பையா அறிவித்துவிட்டார்: நாளைக்குக் கணக்கெடுக்கிற டீச்சர் வருவாங்க, எல்லாரும் இறங்கிப் போய் பஸ்ஸில் ஏறணும்.

தோட்டத்துச் சனத்திடம் ஒரு வழக்கம் உண்டு. வெளியிலிருந்து ஒருவர் தங்களுக்காக வருகிறார் என்றால் ஒரு குறையும் வைக்கமாட்டார்கள். மறுநாள் காலை நான் போய் நிற்கிறேன், மலையிலிருந்து தப்பு மேளச் சத்தம் கேட்கிறது. பார்த்தால் மேக்கணக்கு முழுவதும் இறங்கி வருகிறது. பெண்கள் பட்டுச்சேலை, ஆண்கள் வெள்ளை வேட்டி, தலைவர் கையில் எனக்கு மாலை! சாதாரண நாளில் எண்ண வேண்டிய கணக்கு இது. தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

அதோடு விட்டார்களா? பஸ் நிறைய ஏறினார்கள். அடுத்த தரிப்பிடத்தில் அப்படியே இறங்கினார்கள். குறுக்குப் பாதையில் மூச்சு வாங்க ஓடி வந்து அடுத்த பஸ்ஸில் திரும்ப ஏறினார்கள். சிவப்பு மஃப்ளர் போட்ட முனியாண்டி என்ற பெரியவரை நானே மூன்றாம் தடவையாகப் பார்த்துவிட்டேன். கூட்டத்தில் இடம் கிடைக்காமல் உண்மையாக வேலைக்குப் போக வந்த இரண்டு பேர் ரோட்டில் நின்று கத்துகிறார்கள்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. என் குரல் கொஞ்சம் பெரிது, அதை மறைக்க முடியாது.

“தலைவரே! ஒரே ஆள மூணு தடவ ஏத்துனா மூணு ஆளாயிருமா?” என்று கேட்டேன்.

கருப்பையா மாலையை மறுகைக்கு மாற்றிக்கொண்டு, பஸ்ஸுக்குக் காசு மூன்று தடவை கொடுத்தார்களே என்றார்.

சற்று நேரத்தில் என் போன் அடித்தது. குணரத்தினம் சேர்.

“செல்வராணி, நீர் இப்ப எங்கை நிக்கிறீர்?”

“ஸ்டோர் சந்தியிலதான் சேர்.”

“எத்தினை இடத்தில வேலை பாக்கிறீர்?”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் நிதானமாக விளக்கினார். இணையத்தில் சாமான் விற்கும் ஒரு கொழும்புக் கம்பெனியில் மனைவிக்குத் தேங்காய் துருவும் மெஷினுக்கு ஓடர் கொடுத்திருந்தாராம். பெட்டியைத் திறந்தால் தலைமுடி காயவைக்கும் மெஷின். சேருடைய தலையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும், பளிங்கு. அந்தக் கோபத்தோடு கம்பெனிக்குப் போன் எடுத்துத் தமிழுக்கான இலக்கத்தை அழுத்தியிருக்கிறார். மரியாதையான ஒரு பெண்பிள்ளை எடுத்து, கொழும்பு அலுவலகத்திலிருந்து பேசுவதாகச் சொல்லியிருக்கிறாள். பின்னால் ஒருவன் ‘பதுள பதுள பதுள’ என்று கூவியிருக்கிறான். அதற்கும் பின்னால் என் குரல்.

“கொழும்புக்கு எடுத்தன், நீர் கதைக்கிறீர். ஒரே ஆளை மூண்டு தரம் ஏத்தினா மூண்டு ஆளோ எண்டு ஆரையோ கேக்கிறீர். நல்ல கேள்விதான். அந்தப் பிள்ளை உமக்குக் கிட்டத்தான் எங்கையோ இருக்கு. ஒருக்காத் திரும்பிப் பாரும்.”

திரும்பினேன். குடைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். மடியில் லெப்டொப், காதில் ஹெட்போன். பேயைக் கண்டவள் போல அவள் என்னைப் பார்க்கிறாள். பக்கத்தில் இருந்த மற்றவர்களின் மடியிலும் அதே. காதலாவது கத்தரிக்காயாவது, அத்தனையும் வேலை!

அவள் பெயர் புவனா. போனில் பேசிய சேர் முறைப்பாடு செய்துவிட்டாரோ என்று பயந்து போயிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். எல்லோரும் மேக்கணக்குப் பிள்ளைகள். பதுளையில் கடையில் நின்றவர்கள்தான், கொரோனாவோடு இந்தக் கம்பெனியில் வீட்டிலிருந்து வேலை கிடைத்திருக்கிறது. ஒருத்தி சேர்ந்து மற்றவர்களைச் சேர்த்துவிட்டிருக்கிறாள். ஆனால் வீட்டில் சிக்னல் இல்லை, மலை மறைக்கிறது. சிக்னல் இருக்கிற முதல் கூரை இந்தக் கொட்டகைதான்.

“கம்பெனிக்கு வீடுன்னுதான் சொல்லியிருக்கோம்க்கா. சத்தம் வருதுன்னு எனக்கு ஏற்கெனவே ஒரு வார்னிங் குடுத்துட்டாங்க. ஆனா அதுக்கு முன்னாடி எங்கப்பாவே நிப்பாட்டிருவாரு. இந்த மாசக் கடைசியோட போதுங்கிறாரு.”

ஏன் என்று கேட்டேன். மற்றவர்கள் வெளிச்சத்தோடு ஏறிப் போய்விடுவார்கள், கடைசி வேலை முறை இவளுக்கு. முடியும்போது இருட்டிவிடும். அந்த ஏற்றத்தில் சிறுத்தை நடமாட்டம் உண்டு. மழை நாளில் மண் வேறு சரியும். மீரியபெத்தவில் மலை சரிந்து லயங்களை மூடிய பிறகு எங்கள் பக்கத்தில் மழை இருட்டினால் எல்லோரும் மேட்டைப் பார்ப்பார்கள்.

“முந்தி அப்பாவே டோர்ச் எடுத்துக்கிட்டு வருவாரு. இப்ப முட்டிவலி. எறங்கிருவாரு, ஏற முடியல. ஒருநாள் ரெண்டு பேரும் பாதியில ஒக்காந்துட்டோம்.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பதுளையிலிருந்து வரும் கடைசி பஸ் அந்த நேரம் ஸ்டோர் சந்தியில் சும்மா நின்றுவிட்டுத் திரும்புகிறது. அது மேலே ஏறினால் இவளுக்கு வேலை இருக்கும், ஏறாவிட்டால் இல்லை. அதை முடிவு செய்கிற கணக்கை எடுக்கிறவள் நான். நானோ அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன்.

சேருக்குப் போன் எடுத்துச் சொன்னேன். முதலில் சேவல்தான் கூவியது.

“மேலை போற ரோட்டுக்கு என்ன கணக்கு எழுதியிருக்கிறம்?” என்று கேட்டார்.

“சைபர், சேர். அதுல பஸ் இல்லையே. பஸ்ல ஏறுனவங்களத்தானே எண்ணுவோம்.”

“பஸ் இல்லாத ரோட்டில பஸ்ஸில ஏறினவையை எண்ணினா சைபர்தானே வரும். அதுக்கு நானும் கையெழுத்து வைச்சிருக்கிறன்.” கடதாசி புரட்டும் சத்தம் கேட்டது. “வீட்டில இருந்து வேலை செய்யிற சனம் பதுளைக்குப் போறது குறைஞ்சிருக்கலாம். மேலை இருந்து கீழை வாறது குறைஞ்சிருக்கோ? நாளையில இருந்து மேலை போய் நில்லும். நடக்கிறவையை எண்ணும்.”

படிவத்தில் நடக்கிறவர்களுக்கு இடமில்லையே என்றேன். பின்பக்கம் வெறுமையாகத்தானே கிடக்கிறது என்றார். இன்றைய கணக்கை முழுக்க வெட்டிவிட்டுத் திருவிழா நாள் என்று எழுதச் சொன்னார். மாலையை என்ன செய்வது என்று கேட்டேன். அதற்குள் போனை வைத்துவிட்டார்.

மறுநாள் ஏற்றத்தின் நடுவில், கொழுந்து நிறுக்கும் மடுவக் கட்டடத்தடியில் நின்றேன். போகும் முன்னர் கருப்பையாவைக் கூப்பிட்டு, தயவுசெய்து எதுவும் ஏற்பாடு செய்துவிடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டிருந்தேன். மனுஷர் சொன்ன சொல் மாறாதவர். கணக்குக் கெட்டுவிடக்கூடாது என்று லவுட்ஸ்பீக்கரில் இன்னொரு அறிவிப்பு! விளைவு, என்னைக் கண்டதும் ஒவ்வொருவரும் நின்று விளக்கம் கொடுத்தார்கள். ‘டீச்சர், நான் உண்மையா வேலைக்கித்தான் போறேன்.’ ‘டீச்சர், நான் மாட்டத் தேடிப் போறேன், சேத்துக்காதீங்க.’ சிவப்பு மஃப்ளர் முனியாண்டி ஏற்கெனவே மூன்று தடவை ஏறியவர் அல்லவா, அந்தக் குற்ற உணர்ச்சியில் ரோட்டுப் பக்கமே வரவில்லை. தேயிலைக்குள் குனிந்து குனிந்து போய்க் கீழே வெளிப்பட்டார். கால் முழுக்க அட்டை. அவரைப் பிடித்து வைத்து நானே உப்புப் போட்டேன், ஒரு தலையும் அழுத்தினேன்.

வேடிக்கை ஒரு பக்கம் இருக்க, எண்ணிக்கை வேறு கதை சொன்னது. பதுளை பஸ்ஸுக்கு நடந்தவர்கள் குறைந்த அளவுக்குக் கொட்டகைக்கு நடக்கிறவர்கள் கூடியிருந்தார்கள். வேலை வீட்டுக்கு வந்துவிட்டது என்று கொழும்பில் எழுதிவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் அது ஸ்டோர் சந்தி வரைக்கும்தான் வந்திருந்தது, மீதியை இந்தப் பிள்ளைகள் நடந்துபோய்க் கூட்டி வருகிறார்கள்.

ஆலோசகரோடு பேசும் ஸூம் கூட்டத்தை சேர் ஒரு மழை நாள் மாலைக்கு வைத்தார். என்னைக் கொட்டகையிலிருந்தே சேரச் சொன்னார். கொழும்பு ஆலோசகர் நல்ல பிள்ளை, பின்னால் கடற்கரைப் படம் போட்டிருந்தார். அந்தப் பிரதேசத்தில் மக்கள் வீட்டிலிருந்து வேலை செய்கிறார்கள், ஆகவே தேவை இல்லை என்று சிங்களத்தில் அழகாக விளக்கினார். குணரத்தினம் சேர் கடைசிவரை கேட்டார். முடிந்ததும், எங்கள் உத்தியோகத்தர் இப்போது அந்த வீட்டில்தான் இருக்கிறார், ஒருதரம் காட்டச் சொல்வோமா என்று கேட்டார்.

புவனா என் சேலையைப் பிடித்து இழுத்தாள். “அக்கா, மொகத்தக் காட்டிறாதீங்க, வேல போயிரும்.”

முகம் எதற்கு? போனைக் கீழே சரித்து, கால்களை மட்டும் காட்டினேன். வரிசையாகச் செருப்புகள், கணுக்கால் வரை சேறு, அட்டை ஏறாமல் பூசிய சோப்பு, அதையும் மீறிக் கடித்த இடத்தில் வழிந்த இரத்தம். அந்த நேரம் பஸ் வந்து ஹோர்ன் அடித்துச் சந்தியை அதிர வைத்தது. ஒரு பிள்ளை ஹெட்போனைக் கையால் பொத்திக்கொண்டு ‘ஒரு நிமிஷம் சேர், லைன்ல இருங்க’ என்றாள்.

ஆலோசகர் கடற்கரையிலிருந்து கொஞ்சம் முன்னால் வந்து பார்த்தார். அது எந்த பஸ் ஸ்டேண்ட் என்று கேட்டார்.

“அதுதான் நீங்கள் அறிக்கையில் எழுதின வீடு” என்றார் குணரத்தினம் சேர் சிங்களத்தில். இந்த முறை சேவல்கூடக் கூவவில்லை.

எல்லாம் கிடைத்துவிடவில்லை. காலைப் பயணம் பிறகு பார்க்கலாம் என்றார்கள். கடைசி பஸ் மட்டும் பரீட்சார்த்தமாக மேக்கணக்கு வரை போகலாம் என்று அனுமதி வந்தது. மாதக் கடைசிக்கு முன் வந்தது, அதுதான் முக்கியம். முதல் நாள் நானும் ஏறிப் போனேன். கருப்பையா ஒருவழியாக மாலையைப் போட்டுவிட்டார், எனக்கல்ல, பஸ்ஸுக்கு. மேலே முகப்பு வெளிச்சம் திரும்பியபோது ஒரு மனிதர் டோர்ச்சும் கையுமாக ரோட்டோரம் நின்றிருந்தார். புவனாவின் அப்பா. பஸ் வரும் என்று அவர் நம்பவில்லை. மகள் இறங்கியதும் டோர்ச்சை அணைத்துவிட்டு, பஸ்ஸின் தகரத்தைக் கையால் இரண்டு முறை தட்டிக் கொடுத்தார். நான் அழுதேன். ஆமாம், அழுதேன், அதையும் மலரில் போடட்டும்.

குணரத்தினம் சேர் முறைப்பாடு செய்யவே இல்லை. தலைமுடி மெஷினைக் காரியாலயத்துக்கே அனுப்பிவிட்டார், மழையில் நனைந்து வரும் என் படிவங்களைக் காயவைக்க. நான் ஓய்வு பெறும்வரை அது என் மேசையில் இருந்தது. தர்ஷினிக்கு அது எதற்கு என்று தெரிந்திருக்காது.

சரி தர்ஷினி, கைத்தொலைபேசியை வைத்து எண்ணுங்கள், நல்லதுதான். ஆனால் மேக்கணக்கில் இன்னும் சிக்னல் இல்லை. உங்கள் கணினி அந்த மலையில் மனித வாசமே கிடையாது என்றுதான் காட்டும். மறுபடியும் சைபர். பரீட்சார்த்தத்தை நிறுத்தலாமா என்று அடுத்து ஒருவர் எழுதுவார்.

அதனால் நானும் இப்போது வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். இருட்டுகிற நேரம் அந்தக் கம்பெனிக்குப் போன் எடுத்துத் தமிழுக்கு அழுத்துவேன். நேற்றும் எடுத்தேன். புவனாதான். வணக்கம் சொல்லி, என்ன முறைப்பாடு என்று மரியாதையாகக் கேட்டாள். தேங்காய் துருவும் மெஷின் இன்னும் வரவில்லை என்றேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு, லைனில் இருக்கச் சொன்னாள்.

இருந்தேன். மழைச் சத்தம் கேட்டது. ஹோர்ன் கேட்டது. பிறகு கண்டக்டரின் தொண்டை:

“மேக்கணக்கு, மேக்கணக்கு, மேக்கணக்கு!”

“அக்கா,” என்றாள் மெதுவாக, “பஸ் வந்துருச்சு. வச்சிரட்டுமா?”

வை என்றேன்.